டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லையா? உள் இணைப்புகள் பற்றிய கேள்வி பதில்

கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கேள்வி: தூசி தட்டி மூடினேன் அண்ணா. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. மதர்போர்டு போய்விட்டதா?

பதில்: எல்லா பாகங்களும் இணையும் அந்த முதன்மைப் பலகை போயிருக்க வாய்ப்பு குறைவு, இப்போதே புதிது வாங்கிவிடாதீர்கள். தூசி தட்டும்போது எதையோ அசைத்திருப்பீர்கள். முதலில் ரேமை (நினைவகப் பட்டை) அதன் ஸ்லாட்டிலிருந்து கழற்றி மறுபடி போடுங்கள், டக்கென்று சத்தம் கேட்கும்வரை இரண்டு முனையிலும் அழுத்த வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள ஸ்லாட்டுகளில் மறுபக்கம் பாதி மேலே நிற்பது பார்த்தால் தெரியாது. அப்படியும் வரவில்லையா, ஒரே ஒரு ரேமை வைத்து ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு ரேம் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகள்தான் சரியான இடம்.

அடுத்தது பிராசசருக்கான பவர். பெரிய 24 பின் கேபிளை எல்லோரும் கவனிப்பார்கள், போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கேபிளை மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், அதனால்தான் இவ்வளவு பேர் குழம்புகிறார்கள். அப்புறம், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும், போர்டில் அல்ல.

கேள்வி: பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. போர்டில் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது.

பதில்: விளக்கு எரிகிறது என்றால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (ஆன் செய்யும் முன்பே வரும்) மின்சாரம் வருகிறது, நல்ல அறிகுறி. பட்டனிலிருந்து வரும் சின்ன இரண்டு பின் வயரைச் சந்தேகப்படுங்கள். மதர்போர்டு மேனுவலில் பவர் ஸ்விட்ச் பின்கள் எவை என்று பார்த்து, வயரை எடுத்துவிட்டு, பிளக் போட்ட நிலையில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களை மட்டும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஆன் ஆனால் கோளாறு பட்டனிலோ வயரிலோதான். ரீசெட் பட்டன் வயரை அங்கே செருகி இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் விளக்கு எரியவே இல்லை.

பதில்: அந்த விளக்கிலிருந்து போர்டுக்கு வரும் வயரைத் திருப்பிச் செருகுங்கள். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் முக்கியம், ஸ்விட்சுக்கு அது கிடையாது.

கேள்வி: புதிதாக எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேரடியாகச் செருகும் டிஸ்க்) போட்டேன், பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது. தரவு அழிந்துவிட்டதா சார்?

பதில்: பயப்படாதீர்கள், அழிந்திருக்காது. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்கின்றன, ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது அணைந்துவிடும். எந்தப் போர்ட் என்பது மேனுவலில் இருக்கும். கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறேன். பழைய மாடுலர் (பெட்டியிலிருந்து தனியே கழற்றக்கூடிய) கேபிள்கள் பொருந்துகின்றன, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டிஸ்க் பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு இல்லை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போனால் அந்த நொடியே டிஸ்க் எரிந்துவிடும். நான் இப்படி ஒரு ஹார்ட் டிஸ்க்கை இழந்தேன், அதிலிருந்த குடும்பப் படங்கள் இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. புதிய பெட்டியோடு வந்த கேபிள்களையே போடுங்கள், கொஞ்சம் வேலை கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி: ஒவ்வொரு முறையும் தேதி பழையதுக்குப் போகிறது.

பதில்: போர்டில் இருக்கும் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 தான். அதே எண் வாங்கி, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) நீங்கள் ஏதாவது மாற்றி வைத்திருந்தால் மட்டும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.