பழைய புளூஸ் இசைத்தட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் இசையின் ஒலிப்பதிவுகளைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அவற்றை நெடுநாளாகச் சேகரித்துக் கேட்டு வரும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, புளூஸ் என்றவுடன் கிட்டாருடன் தனியே அமர்ந்து பாடும் ஓர் ஆணின் உருவமே மனத்தில் எழுகிறது. முதலில் பதிவானவர்களும் அத்தகையவர்கள்தாமா?

பதில்: இல்லை. முதலில் பதிவானவர்கள் பெண்கள்; அதுவும் பியானோவும் ஊதுகருவிகளும் சூழ நாடக மேடைகளில் பாடிப் பழகியவர்கள். 1920 ஆகஸ்டு 10 அன்று ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ பெருவாரியாக விற்றபோதுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. 1923இல் கொலம்பியாவுக்காக பெஸ்ஸி ஸ்மித்தும் பாரமவுண்டுக்காக மா ரெய்னியும் பாடத் தொடங்கினார்கள். கிட்டாருடன் பாடும் ஆண்களுக்கும் சந்தை உண்டு என்பது, டெக்சாஸைச் சேர்ந்த பிளைண்ட் லெமன் ஜெபர்சனின் தட்டுகள் 1926இல் விற்ற பிறகே உறுதிப்பட்டது.

நீங்கள் சொல்லும் உருவம் பெருமளவுக்கு 1950களிலும் 60களிலும் பழைய தட்டுகளைத் தேடி அலைந்த வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்களின் இரசனையில் உருவானது. எது கிடைத்தற்கரியதோ அதுவே உயர்ந்தது என்று அவர்களில் பலர் கருதினார்கள். நிறைய விற்றவர்கள்மீது அவர்களுக்கு ஓர் இளக்காரம் இருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்ற ஊதுகருவியை ஊத, பிரெட் லாங்ஷா ஆர்மோனியம் வாசிக்க, 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பதிவை ஒருமுறை கேட்டவர் அந்த இளக்காரத்தில் பங்கு கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: மிசிசிப்பிப் பாடகர் சார்லி பேட்டனின் பதிவுகளைக் கேட்டால் சூடான எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் இரைச்சல் கேட்கிறது. அதே காலத்தின் வேறு பதிவுகள் தெளிவாக இருக்கின்றனவே, ஏன்?

பதில்: பேட்டனின் முதல் தட்டுகளை வெளியிட்ட பாரமவுண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் இயங்கிய ஒரு நாற்காலி நிறுவனத்தின் கிளை. கிராமபோன் பெட்டிகளுக்கு மரவேலை செய்யப் போய், பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் விற்க வேண்டும் என்று தட்டுத் தொழிலில் இறங்கியவர்கள் அவர்கள். தட்டு செய்யும் அரக்குக் கலவையில் சிக்கனம் பார்த்ததால், கடையிலிருந்து வாங்கிவந்த புதுத் தட்டிலேயே இரைச்சல் இருந்தது. அதை வாங்கியவர்கள் கனமான எஃகு முள்ளை வைத்துப் பள்ளம் தேயும்வரை கேட்டார்கள். அவர்கள் வாங்கியதே அதற்காகத்தான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய நட்டம் அதற்குப் பிறகு வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடிந்துபோய் 1932இல் பாரமவுண்டு பதிவு செய்வதை நிறுத்தியபின், அச்செடுக்கப் பயன்பட்ட உலோக மூலத்தகடுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. கொலம்பியா, விக்டர் போன்ற நிறுவனங்களின் மூலத்தகடுகளில் பல காப்பாற்றப்பட்டதால் அவற்றிலிருந்து பிற்காலத்தில் தெளிவான மறுபதிப்பு எடுக்க முடிந்தது. பேட்டனுக்கோ, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் எஞ்சிய தேய்ந்த தட்டுதான் மூலம். சன் ஹவுஸ் என்ற மிசிசிப்பிப் பாடகர் 1930இல் கிராஃப்டன் ஊரிலிருந்த பாரமவுண்டு நிலையத்தில் பதிந்த ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ என்ற பாடல், தட்டு ஒன்றுகூட அகப்படாமல் இருந்து, இந்த நூற்றாண்டில்தான் வெளிவந்தது. அதே பயணத்தில் அவருடன் சென்ற வில்லி பிரவுனின் தட்டுகளில் ஒன்று, ‘கிக்கிங் இன் மை ஸ்லீப் புளூஸ்’, இன்றுவரை கிடைக்கவில்லை. இன்னொரு மிசிசிப்பிப் பாடகரான டாமி ஜான்சனின் பாரமவுண்டு தட்டு ஒன்று 2013இல் இணைய ஏலத்தில் 37,100 டாலருக்குப் போனது.

கேள்வி: தட்டில் கேட்கிற மாதிரியேதான் அவர்கள் ஊரில் பாடினார்களா?

பதில்: இந்தக் கேள்வியை எல்லாரும் முதலிலேயே கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். மிசிசிப்பியின் பண்ணைப்புற நடனக் கூடங்களில் மக்கள் ஆடிக் களைக்கும்வரை ஒரே பாட்டு நீளும். பாடுபவர் அடிகளை இடம் மாற்றுவார், புதிதாகச் சேர்ப்பார், கிட்டாரின் உடலைத் தட்டித் தாளம் போடுவார். சன் ஹவுஸின் ‘பிரீச்சின் தி புளூஸ்’ தட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு பாகமாக வெளியானது என்பதே, மூன்று நிமிடம் அவருக்கு எவ்வளவு போதவில்லை என்பதைக் காட்டுகிறது.

நீளம் மட்டுமன்று, பாடல் தேர்வும் தட்டில் சுருங்கியது. 1930களில் பதிவான பாடகர் ராபர்ட் ஜான்சனுடன் ஊர் ஊராகச் சுற்றிய ஜானி ஷைன்ஸ், அவர் வானொலியில் கேட்ட எந்தப் பாட்டையும், போல்கா நடன இசையைக்கூட, வாசிக்கக்கூடியவர் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்கென்று ‘ரேஸ் ரிக்கார்டு’ என்ற பெயரில் தனி வரிசை வைத்திருந்தன. அந்த வரிசைக்கு வேண்டியது புளூஸ். ஜாக்சன் நகரில் இசைக்கடை நடத்திக்கொண்டே பாடகர்களைத் தேடிக் கொடுத்த எச். சி. ஸ்பியர் போன்றவர்களும், பிறர் பாடாத சொந்தப் பாடல்கள் உள்ளவர்களையே அனுப்பினார்கள். எனவே ஜான்சன் விட்டுச்சென்ற 29 பாடல்களை அவருடைய இசையின் முழு அளவாகக் கொள்ளக்கூடாது.

கேள்வி: ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றாராமே? அவருடைய பதிவுகளை வேகமாக ஓட்டி வெளியிட்டார்கள் என்பதும் உண்மையா?

பதில்: சாத்தான் கதை டாமி ஜான்சனைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்னது, குடும்பப் பெயர் ஒன்றானதாலோ என்னவோ, இவர்மேல் ஏறிக்கொண்டது. இவர் சன் ஹவுஸையும் வில்லி பிரவுனையும் பார்த்துக் கற்றார், ஓரிரு ஆண்டுகள் காணாமற்போய் ஐக் சிம்மர்மன் என்பவரிடம் பயின்று திரும்பினார் என்ற வரலாறு எனக்கு அதைவிடச் சுவையாகவே இருக்கிறது.

வேகத்தைப் பற்றிய வாதத்தை நான் ஏற்கவில்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவின் கன்டர் ஓட்டலிலும், 1937 ஜூனில் டாலஸிலும், ஏழு மாத இடைவெளியில் இரு நகரங்களில் அவர் பாடினார். அதே நாள்களில் அதே பதிவுக் கருவியில் பிற குழுவினரும் பதிந்தார்கள். அவர்கள் குரல் இயல்பாக ஒலிக்க, ஜான்சனுடையதை மட்டும் இரு ஊர்களிலும் ஒரே விகிதத்தில் முடுக்கிவிட்டார்கள் என்பதை நம்பக் காரணம் வேண்டும். அவரோடு வாசித்த ஷைன்ஸும் பதிவுகளில் கேட்பது தம் நண்பரின் குரல் அன்று என்று சொன்னதில்லை.

கேள்வி: மடி வாட்டர்ஸ் என்ற பாடகரைக் கண்டுபிடித்தவர் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பாதி சரி. 1941 ஆகஸ்டில் மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணைக்குச் சென்று, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிந்தவர்கள் இருவர்: லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க்கும். அந்த ஆய்வில் வொர்க்கின் பங்கு நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. அவருடைய கையெழுத்துப் படிகள் 2005இல்தான் நூலாயின. தம் குரலைத் தட்டில் கேட்ட பிறகே தம்மாலும் இது முடியும் என்ற நம்பிக்கை வந்ததாக மடி வாட்டர்ஸ் பின்னாளில் சொன்னார். 1943இல் சிகாகோவுக்குப் போனவர், கூட்ட இரைச்சலில் கிட்டார் கேட்காததால் மின் கிட்டாருக்கு மாறினார். 1948இல் வந்த ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. ஸ்டோவால் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டு கிட்டத்தட்ட அதே பாட்டு, ஊர்தான் மாறியிருக்கிறது.

கேள்வி: பாடியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

பதில்: பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து அனுப்பினார்கள், விற்பனையில் பங்கு இல்லை. 1928இல் ஓகே நிறுவனத்துக்காகப் பாடிய மிசிசிப்பி ஜான் ஹர்ட், அதன்பின் 35 ஆண்டுகள் அவலான் என்ற சிற்றூரில் பண்ணை வேலை செய்தார். தட்டு ஒன்றில் அவர் தம் ஊர்ப் பெயரைப் பாடியிருந்ததால், அதை வைத்து 1963இல் அவரைத் தேடிக் கண்டார்கள். மறு ஆண்டு இன்னொரு பழைய பாடகரான ஸ்கிப் ஜேம்ஸை டூனிகா ஊர் மருத்துவமனையில் கண்டார்கள். சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டரில் கண்டார்கள். வாசிப்பதையே விட்டிருந்த ஹவுஸுக்கு அவருடைய பழைய பாடல்களையே ஆலன் வில்சன் என்ற இளைஞர் மீண்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ராக் குழுக்கள் இவர்கள் பாடல்களை எடுத்தபோது சிலருக்கு மட்டும் நியாயம் கிடைத்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் வெளியிட்ட ‘யூ காட்டா மூவ்’ பாடலுக்காக புளூஸ் பாடகர் பிரெட் மெக்டவலுக்கு உரிமைத்தொகை வாங்கித் தந்தவர் ஆர்ஹூலி என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸனோ லெட் செப்பலின் ராக் குழுமீது வழக்குத் தொடுத்து, 1987இல் சமரசம் ஆனபிறகே பலன் கண்டார்.

கேள்வி: வாயேஜர் விண்கலத்தில் புளூஸ் பாட்டு இருக்கிறதா?

பதில்: 1977இல் ஏவப்பட்ட அந்த விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டாலஸில் பதிந்த ‘டார்க் வாஸ் தி நைட்’ உள்ளது. வகைப்படி அது பக்தி இசை. சொற்களே இல்லை, முனகலும், நரம்பின்மேல் வழுக்கும் கிட்டார் ஒலியும்தான்.

கேள்வி: இன்று இந்த மரபில் வாசிப்பவர்கள் உண்டா, எல்லாம் அருங்காட்சியகச் சரக்காகிவிட்டதா?

பதில்: மிசிசிப்பியின் பென்டோனியா ஊரில் தம் பெற்றோர் 1948இல் தொடங்கிய புளூ ஃபிரண்ட் கஃபேயை நடத்தும் ஜிம்மி ‘டக்’ ஹோம்ஸ், ஸ்கிப் ஜேம்ஸின் தோழர் ஹென்றி ஸ்டக்கியிடம் கற்றவர், அவருடைய 2019ஆம் ஆண்டு ‘சைப்ரஸ் குரோவ்’ தொகுப்பைக் கேளுங்கள். மிசிசிப்பிப் பாடகர் ஆர். எல். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பர்ன்சைடும், கிளார்க்ஸ்டேலில் 1999இல் பிறந்த கிங்ஃபிஷ் இங்கிரமும் 2022இல் வெவ்வேறு புளூஸ் பிரிவுகளில் கிராமி விருது பெற்றார்கள். கிங்ஃபிஷ் நீண்ட கிட்டார் வாசிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இன்னும் அதிகம் பாடலாம் என்பது என் சொந்தக் குறை.

கேள்வி: புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: இரைச்சல் பழகாதவர் பேட்டனிடம் போக வேண்டாம். ஜான் ஹர்டின் 1928 பதிவுகள் தெளிவானவை. அங்கே தொடங்கி, பெஸ்ஸி ஸ்மித், பிறகு மடி வாட்டர்ஸின் 1950களில் செஸ் நிறுவனம் வெளியிட்ட பதிவுகள், அதற்கடுத்து 1964இல் சிகாகோ அரங்கில் ரசிகர்களின் ஆரவாரத்தோடு பதிவான பி. பி. கிங்கின் ‘லைவ் அட் தி ரீகல்’ என்று போகலாம். ராபர்ட் ஜான்சனுக்கு 1990இல் வந்த முழுத்தொகுப்பு இருக்கிறது. ஆனால் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை அது அடுத்தடுத்து வைத்திருப்பது தொடக்கத்தில் அலுப்பூட்டும் என்பதால், 1961இல் வெளியான 16 பாடல் நீள்தட்டின் (எல்.பி.) வரிசையில் முதலில் கேட்பது நல்லது.