கடலே எல்லாத்தையும் உறிஞ்சிக்காதா?

வணக்கம் அக்கா,

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒரு ஃபார்வர்ட் போட்டாரு. கடல் வருஷா வருஷம் காத்துல விடுற கார்பன் டை ஆக்சைடுல எட்டுல ஒரு பங்குதான் மனுஷன் விடுறதாம், அதுபோக காத்துல இருக்கறத மாதிரி 50 மடங்கு கார்பன் கடல்ல ஏற்கனவே கரைஞ்சி கெடக்காம், அவ்ளோ பெரிய கடலுக்கு நம்ம வண்டிப் புகையெல்லாம் ஒரு விஷயமான்னு கேக்குது அது. நான் பி.காம், சயின்ஸ் அவ்ளோவா தெரியாது, ஆனா நம்பர் சரியாதான் இருக்கற மாதிரி தோணுது. கடல்ல இரும்ப தூவுனா இன்னும் நெறய உறிஞ்சும்னும் எங்கயோ படிச்சேன். நேரம் கெடைச்சா எழுதுங்க.

ஒரு வாசகர், கடலூர்

வணக்கம் தம்பி,

அந்த ஃபார்வர்ட்ல இருக்கற ரெண்டு நம்பரும் ஏறக்குறைய சரிதான், அதுதான் அதுல இருக்கற வில்லங்கமே. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிடலாம்.

முதல் நம்பர எடுத்துக்குவோம். கடல் வருஷத்துக்கு சுமார் 29,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைட காத்துல விடுது, சரி. அதே வருஷம் அது காத்துல இருந்து எடுக்கறது எவ்ளோன்னு ஃபார்வர்ட்ல இருக்கா? இருக்காது. விட்டத விட சுமார் 1,000 கோடி டன் ஜாஸ்தியா எடுத்துக்குது. பி.காம் படிச்சவருக்கு இத நான் சொல்லணுமா, பேரேட்டுல ஒரு பக்கத்த கிழிச்சிட்டு மறுபக்கத்த மட்டும் நீட்டுனா எந்த ஆடிட்டர் ஒத்துக்குவாரு. நாம நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சி விடுறது வருஷத்துக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல, காடு அழிக்கறது தனி. மொத்தத்துல கால்வாசி கடலுக்குப் போகுது, அதவிட கொஞ்சம் கூடவே மரமும் மண்ணும் எடுத்துக்குது, மிச்சம், கிட்டத்தட்ட பாதி, காத்துலயே தங்கிடுது. ஆலைங்க வர்றதுக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கா இருந்தது இப்ப 420ஐ தாண்டிடுச்சி.

இப்படி ஏறுனத கடல்தான் விட்டிருக்கும்னு மாமா அடிச்சிப் பேசினா அவர்கிட்ட ஆக்சிஜன பத்தி பேசுங்க. சார்லஸ் கீலிங்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1958ல ஹவாய்த் தீவுல மௌனா லோவா மலைல கார்பன் டை ஆக்சைட அளக்க ஆரம்பிச்சாரு, அவர் பையன் ரால்ஃப் கீலிங் 1980கள் கடைசில இருந்து காத்துல ஆக்சிஜன அளக்கறாரு. அது வருஷா வருஷம் துளித்துளியா கொறையுது. (பயப்படாதீங்க, மூச்சுவிட தாராளமா இருக்கு.) எதையாவது எரிச்சா ஆக்சிஜன் செலவாகும், கடல் தன்கிட்ட கரைஞ்சிருந்த வாயுவ வெளிய விட்டிருந்தா இப்படி ஆக்சிஜன் தீர வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டாவது நம்பர், அந்த 50 மடங்கு, அதுதான் எனக்குப் புடிச்ச விஷயம், ஏன்னா ரொம்ப வருஷம் விஞ்ஞானிகளே அப்படித்தான் நெனச்சாங்க. இவ்ளோ பெரிய கடல் இருக்கு, நாம விடுறதுல பெரும்பகுதி அதுக்குள்ள போயிடும்னு. 1957ல ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூயஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுனாங்க. காத்துல இருக்கற ஒரு மூலக்கூறு பத்து வருஷம் போல ஆனா கடலுக்குள்ள போயிடும்னு அதுல கணக்கு வருது, அதப் படிச்சா அப்பாடான்னு இருக்கும். ஆனா ரெவெல் அச்சுக்குப் போற நேரத்துல இன்னொரு விஷயத்தையும் அதுல சேர்த்தாரு, போறது போகும், ஆனா கடல் கிட்டத்தட்ட அதே அளவுக்கு திருப்பியும் விட்டுடும்னு.

அது எப்படின்னா, ஆக்சிஜன், நைட்ரஜனெல்லாம் கடல் தண்ணில சும்மா கரையும், அவ்ளோதான். கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்ல, தண்ணில ஏற்கனவே இருக்கற கார்பனேட்டோட சேர்ந்து பைகார்பனேட்டா மாறிடும். மேல்மட்டக் கடல்ல கரைஞ்சிருக்கற கார்பன்ல 90 சதவீதம் பைகார்பனேட், 9 சதவீதம் போல கார்பனேட், வெறும் 1 சதவீதம்தான் வாயுவா இருக்கு. இப்படி மாத்திக்கறதாலதான் கடலால இவ்ளோ கார்பன வெச்சிக்க முடியுது. ஆனா மாத்தற வேலைக்கு கார்பனேட் செலவாகுதே, அது கொறையக் கொறைய அடுத்த டன்ன எடுக்கறது கஷ்டமாயிட்டே போகுது. காத்துல 10 சதவீதம் ஏறினா மேல்மட்டத் தண்ணில மொத்த கார்பன் 1 சதவீதம்தான் ஏறும், இதத்தான் இப்ப ரெவெல் காரணின்னு சொல்றாங்க.

சரி மேல நெரம்பிட்டா கீழ போகட்டுமே, சராசரி ஆழம் 3,700 மீட்டர் இருக்கேன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. காத்தோட ஒறவாடறது மேல இருக்கற நூறு மீட்டர் சுமார்தான், அதுக்குக் கீழ குளிர்ந்த கனமான தண்ணி, ரெண்டும் லேசுல கலக்காது. மேல்தண்ணி ஆழத்துக்கு மூழ்கற எடமே ரொம்பக் கொஞ்சம், வட அட்லாண்டிக்ல கிரீன்லாந்து, கனடாவோட லாப்ரடார் பக்கம், அப்புறம் அண்டார்டிகாவ சுத்தி. பழைய ஃபிரிட்ஜுல இருந்த சிஎஃப்சி கேஸ் இருக்குல்ல, அது 1930கள்லதான் உற்பத்திக்கே வந்தது, அதனால ஆழத் தண்ணில அது இருந்தா இந்தத் தண்ணி அதுக்கப்புறம்தான் மேல இருந்து எறங்குச்சின்னு கண்டுபுடிச்சிடலாம். ஓசோன ஓட்ட போட்ட வாயு இதுக்காவது ஒதவுச்சேன்னு வெச்சிக்க வேண்டியதுதான்.

1990கள்ல உலகம் பூரா கப்பல்ல போய் தண்ணி எடுத்து அளந்தாங்க. அத வெச்சி 2004ல கிறிஸ்டோபர் சாபின்னு ஒரு கடல் விஞ்ஞானியோட குழு போட்ட கணக்குப்படி, 1994 வரைக்கும் மனுஷன் விட்டதுல கடலுக்குள்ள போய்ச் சேர்ந்தது 43,000 கோடி டன் சுமார். அதுல கிட்டத்தட்ட பாதி மேல இருக்கற 400 மீட்டர்லயேதான் கெடக்கு! வட அட்லாண்டிக் கடல்பரப்புல 15 சதவீதம்தான், ஆனா சேமிப்புல 23 சதவீதம் அங்க இருக்கு. கீழ போற வழி அங்க இருக்கறதாலதான். ஆழம் முழுக்க கலந்து முடிக்க நூத்துக்கணக்குல, ஆயிரம் வருஷங்கூட ஆகும், அப்புறம் கடலடிச் சுண்ணாம்பு கரைஞ்சி இன்னும் கொஞ்சத்த சரிக்கட்ட பல ஆயிரம் வருஷம். அதனால நாம இந்த நூற்றாண்டு முடியறவரைக்கும் விடுறதுல 15ல இருந்து 40 சதவீதம் ஆயிரம் வருஷம் கழிச்சும் காத்துலயே இருக்கும்னு ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழு, அறிக்கை சொல்லுது.

அப்புறம் கீழ போனதெல்லாம் அங்கயே இருக்கும்னும் இல்ல. அமெரிக்காவோட ஆரிகன் கரையில 2007, 2008 வாக்குல சிப்பிக் குஞ்சு பொரிக்கற பண்ணைல குஞ்செல்லாம் கூட்டங்கூட்டமா செத்துச்சி. காரணம், கரையோரமா மேல ஏறி வந்த ஆழத் தண்ணி. அந்த மாதிரி தண்ணி கடைசியா காத்தத் தொட்டது சுமார் 50 வருஷத்துக்கு முன்னாடி, அப்பவே மனுஷப் புகையக் கொஞ்சம் வாங்கிட்டு எறங்குனது, அதோட ஆழத்துல செத்த உயிருங்க மக்கி வந்த கார்பனும் சேர்ந்து ஓடு கட்டவே விடாத அளவுக்கு அமிலமாயிடுச்சி. இப்ப எறங்கற தண்ணில அதவிட ஜாஸ்தி இருக்கு, அது மேல வர்ற வருஷத்த நீங்களே கூட்டிப் பாத்துக்கோங்க.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. அரபிக்கடல் மொத்தத்துல கார்பன் டை ஆக்சைட வெளிய விடுற கடல். தென்மேற்குப் பருவக்காத்து சோமாலியா, ஓமன் கரைகள்ல ஆழத் தண்ணிய மேல இழுத்துட்டு வருது, அதுல கார்பன் நெறய. உங்க வங்காள விரிகுடாவுல ஆத்துத் தண்ணி, மழைத் தண்ணியெல்லாம் மேல மூடி மாதிரி நிக்கறதால அவ்ளோ ஏறாது. ஆக, கடல் உறிஞ்சுதுங்கறது உலகக் கணக்கு, எல்லாக் கடலும் உறிஞ்சுதுன்னு இல்ல.

இரும்பு விஷயம். அண்டார்டிகாவ சுத்தி இருக்கற தென்கடல்ல நுண்பாசி வளர மத்த சத்தெல்லாம் இருந்தும் இரும்பு பத்தாது, அதனால தூவுனா பாசி பெருகும், செத்து மூழ்கும்போது கார்பனும் கூட மூழ்கும்னு யோசன. 2009ல நம்ம கோவா தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியோட ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ்னு இதையே செஞ்சி பாத்தாங்க, 300 சதுர கிலோமீட்டர் பரப்புல. கப்பல் கெளம்புன பிறகு ஜெர்மனில இத நிறுத்துன்னு ஒரே பிரச்சனை, அப்புறம்தான் அனுமதி கெடைச்சது. பாசி வளர்ந்துச்சி, ஆனா கொப்பிபாட்னு ஒரு சின்ன மிதவை உயிரி வந்து மேஞ்சிட்டுப் போயிடுச்சி, சிலிக்கா ஓடு போட்டு கனமா மூழ்கற வகைப் பாசிக்கு அங்க சிலிக்காவும் இல்ல. கீழ போன கார்பன் ரொம்பக் கொஞ்சம். மத்த எடங்கள்ல நடந்த சில சோதனைல இதவிட நல்லா மூழ்கியிருக்கு, அதனால ஆராய்ச்சி பண்ணட்டும், தப்பில்ல. அத நம்பி நிலக்கரிய எரிச்சிட்டே இருக்கலாம்னு சொல்றவங்கள மட்டும் நான் நம்பமாட்டேன்.