11 நிமிடக் கிறுக்கு, 82 நிமிடப் படம்

சில நிமிடமே ஓடும் அபத்த நகைச்சுவை அனிமேஷன் தொடரை முழுநீளத் திரைப்படமாக்குவது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் தொடரில் ஒரு எபிசோட் 11 நிமிடம். புதிதாக ஏழெட்டுக் கதை எழுதி வரிசையாகக் கோத்தால் படத்துக்கான நீளம் வந்துவிடுமே, அது ஏன் எடுபடாது என்கிறார்கள்?

நீளம் வரும், படம் வராது. அபத்தத் தொடரின் பெரிய வசதியே மறதிதான். போன வாரம் வீடு வெடித்துச் சிதறியது, இந்த வாரம் அதே வீடு அப்படியே நிற்கிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை. இதையே ஒரே மூச்சில் ஏழு முறை காட்டினால், மூன்றாவது முறையிலேயே பார்ப்பவருக்குக் கணக்கு பிடிபட்டுவிடும்: இங்கே எது நடந்தாலும் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும், பிறகு எதற்கு மெனக்கெட்டுக் கவனிப்பது? ஒவ்வொரு எபிசோடும் அதனதன் உச்சத்துக்கு ஏறி இறங்குவதால், அரை மணி நேரத்துக்குள் மூன்று உச்சங்கள் வந்து போயிருக்கும். அரங்கில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். ஜோக் சரியில்லை என்று நினைத்து அங்கே இன்னும் நாலு ஜோக்கைத் திணிப்பது வழக்கமான தவறு. அதனால் களைப்பு கூடுமே தவிரக் குறையாது.

மாற்ற வேண்டியது ஒன்றுதான். நடந்தது நடந்ததாகவே நிற்க வேண்டும். பெல்ஜியத்தின் ‘எ டவுன் கால்டு பேனிக்’ தொடரில் ஒரு எபிசோட் 5 நிமிடம்தான். வின்சென்ட் பதார், ஸ்தெஃபான் ஒபியே இருவரும் அதை 2009-இல் 75 நிமிடப் படமாக்கினார்கள். குதிரைக்குப் பிறந்தநாள். அதே வீட்டில் வசிக்கும் கௌபாயும் செவ்விந்தியனும் அடுப்பு கட்டிப் பரிசளிக்க 50 செங்கல் ஆர்டர் செய்யப் போய், 5 கோடி செங்கல் வந்து இறங்குகிறது. ஒளித்துவைக்க வழியில்லாமல் வீட்டின் மேலேயே அடுக்குகிறார்கள், பாரம் தாங்காமல் வீடு நொறுங்குகிறது. மறுபடி கட்டும் சுவரை இரவில் யாரோ திருடிப் போகிறார்கள். அதைத் துரத்திக்கொண்டு கதை பூமிக்கடியிலும் கடலுக்கடியிலும் போகிறது. எதுவுமே நியாயமில்லாதது, ஆனால் எல்லாமே அந்த ஒரு ஆர்டரின் விளைவு. அதே செங்கல் குவியலைத் தொடரில் காட்டியிருந்தால் அடுத்த எபிசோடில் காணாமல் போயிருக்கும்.

எழுதும்போது இதைச் சோதித்துக்கொள்ள ‘சவுத் பார்க்’ படைப்பாளிகள் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் மாணவர்களுக்குச் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சீனையும் ஒரு வரியாக அட்டையில் எழுதி, இரண்டு அட்டைக்கு நடுவே என்ன சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ பொருந்தினால் சரி. ‘அப்புறம்’ என்றுதான் சொல்ல முடிகிறதென்றால் அங்கே கதை அறுந்திருக்கிறது. 40 அட்டையில் நாலைந்து ‘அப்புறம்’ இருக்கலாம். அபத்தப் படத்தில் அதுகூட இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

கேள்வி: முழுநீளப் படம் என்றால் நாயகன் திருந்த வேண்டும், ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளர் வற்புறுத்துகிறார்.

வேண்டாம். அவன் திருந்தினால் மறுநாள் தொடர் எப்படி ஓடும்? அவனுக்கு மனமாற்றம் தேவையில்லை, விடாப்பிடியான ஆசை ஒன்று தேவை. அது அற்பமானதாக இருப்பது நல்லது. ‘ஷான் தி ஷீப்’ தொடரில் ஒரு எபிசோட் 7 நிமிடம், பேச்சே கிடையாது. 2015-இல் வந்த அதன் படத்தில் ஆடுகள் விரும்புவது ஒரே ஒரு நாள் லீவு. அதற்குப் போட்ட திட்டம் பிசகி, பண்ணைக்காரர் நகரத்தில் நினைவிழந்து திரிகிறார். அவரை மீட்கப் போவதுதான் மீதிப் படம். அதிலும் வசனம் இல்லை. தயாரிப்பாளருக்கு உணர்ச்சி வேண்டுமென்றால் அதை இப்படி ஆசைக்கும் விளைவுக்கும் நடுவில் வைக்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் அறிவுரையாகக் கொட்டினால், அதுவரை சிரித்தவர்களுக்கு ஏமாற்றப்பட்டது போல இருக்கும்.

கேள்வி: வேலையின் அளவை எப்படிக் கணக்கிடுவது? எங்கள் குழுவில் 8 அனிமேட்டர்கள்.

82 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 1,18,080 ஃப்ரேம். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி ஓட்டினால் 59,040 வரைபடங்கள். ஷாட் ஒன்றுக்குச் சராசரி 4 வினாடி என்றால் 1,230 ஷாட். கட்-அவுட் முறையில், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக வரையாமல், கை கால் தனித்தனியாக வெட்டிப் பூட்டிய ‘ரிக்’ என்ற பொம்மை உருவை அசைத்து, ஒருவர் நாளுக்கு 5 வினாடி முடித்தால் எட்டுப் பேருக்கு 40 வினாடி. ஆக 123 வேலை நாள். திருத்தத்துக்கு 30 சதவீதம் சேர்த்து 160 என்று போடுங்கள். ரிக் தயாரிப்பு, பின்னணி ஓவியம், பாத்திரத்தையும் பின்னணியையும் ஒரே ஷாட்டாக இணைக்கும் கம்பாசிட்டிங் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

நாள் வீணாகும் இடம் வேறு. ஸ்டோரிபோர்டு படங்களைத் தற்காலிகக் குரலோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக்கை அவசரமாக முடித்துவிட்டு அனிமேஷனுக்குப் போவார்கள். பிறகு 15 நிமிடம் வெட்ட வேண்டிவரும். மேலே சொன்ன வேகத்தில் 15 நிமிடம் என்பது எட்டுப் பேரின் 22 நாள் உழைப்பு. முதல் அனிமேட்டிக் 100 நிமிடம் வரட்டும், தப்பில்லை. அதை 82-க்குக் குறைத்த பிறகுதான் ஒரு ஷாட்டைக்கூடத் தொட வேண்டும். குறைக்கும்போது முதலில் கை வைக்க வேண்டியது விளக்க வசனங்களில். ஒரு குறிப்பு: எழுதியவரே தற்காலிகக் குரல் கொடுத்தால் எல்லா ஜோக்கும் நன்றாகவே கேட்கும். வேறொருவரைப் பேச வையுங்கள்.

கேள்வி: தொடரில் படம் வரைதல் வேண்டுமென்றே மட்டமாக இருக்கும். பெரிய திரைக்கு அதை மெருகேற்ற வேண்டுமா?

மெருகேற்றினால் ஜோக் போய்விடும். முகத்தில் நிழல் விழ வைத்து, தலைமுடியை அசைய வைத்து, கேமராவைச் சுழற்றினால் அந்தக் கதாபாத்திரம் வேறு யாரோ ஆகிவிடும். ‘பேனிக்’ படத்தில் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மைகள்தான், காலடியில் ஒட்டியிருக்கும் தட்டுகூட அகற்றப்படவில்லை. அந்தத் தட்டோடு தத்தித் தத்தி ஓடுவதுதான் சிரிப்பே. பணத்தை அவர்கள் எண்ணிக்கையில் போட்டார்கள்: நிற்பதற்கு ஒரு பொம்மை, ஓடுவதற்கு ஒன்று, விழுவதற்கு ஒன்று என்று சுமார் 1,500 பொம்மைகள்.

கட்டாயம் மாற்ற வேண்டியவை சில உண்டு. பழைய தொடர் 4:3 சட்டகத்தில் இருந்தால், தியேட்டரின் 1.85:1-க்கு மேலும் கீழும் வெட்டிப் பொருத்தாதீர்கள். உயரத்தில் 28 சதவீதம் போய்விடும், குட்டைக் கதாபாத்திரம் கழுத்தளவில் நிற்கும். பின்னணியை இரு பக்கமும் பழைய அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீட்டி வரையுங்கள். அப்போதும் ஒரு சிக்கல் மிஞ்சும். ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்லிப் போகிற பாத்திரத்துக்கு இப்போது 39 சதவீதம் கூடுதல் தூரம். திரும்பத் திரும்ப ஓடும் பழைய நடை அனிமேஷனை அப்படியே போட்டால் அவன் வந்து சேர்வதற்குள் ஜோக் ஆறிவிடும். நடக்காமல் கீழிருந்து முளைக்க வையுங்கள், இல்லாவிட்டால் ஷாட்டைப் பாதி வழியில் தொடங்குங்கள்.

பழைய கோப்புகள் வெக்டராக (கோடுகளைக் கணக்காகச் சேமிப்பது) இருந்தால் பெரிதாக்குவதில் பிரச்சினையில்லை. 720 பிக்சல் அகல பிட்மேப் (புள்ளிகளாகச் சேமிப்பது) என்றால் தியேட்டரின் 1998 பிக்சல் அகலத்துக்குப் பெரிதாக்கும்போது கோட்டின் விளிம்பு குழைந்து தெரியும். அவற்றின் மேல் திரும்பக் கோடு இழுத்தாக வேண்டும். கோணல் கையெழுத்து போன்ற கோடு கோணலாகவே இருக்கட்டும், மங்கலாக மட்டும் இருக்கக்கூடாது.

கேள்வி: முன்னோட்டக் காட்சியில் நன்றாகச் சிரித்தார்கள். ஆனால் கதை புரியவில்லை என்றார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தொடர் வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்காக நெருக்கி வெட்டப்பட்டது. அரங்கில் சிரிப்பு பரவி அடங்க இரண்டு மூன்று வினாடி ஆகும், அதற்குள் அடுத்த இரண்டு வசனம் அதில் மூழ்கிவிடும். மூழ்கியதில் கதைக்குத் தேவையான தகவல் இருந்தால் போச்சு.

குறைந்தது 40 பேரை உட்கார வைத்து ஓட்டுங்கள். திரைக்கருகே மைக் வைத்து அரங்கின் சத்தத்தைப் பதிவு செய்து, எடிட்டிங்கில் படத்துக்குக் கீழே தனி டிராக்காகப் போட்டுப் பாருங்கள். எந்தச் சிரிப்பு எந்த ஃப்ரேமில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அலைவடிவத்திலேயே தெரியும். சிரிப்பின் மேல் விழும் கதைத் தகவலை முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். அந்த இடத்தை எதிராளியின் வெற்று முகத்தால் நிரப்பலாம், தொடரில் 12 ஃப்ரேம் நின்ற முகம் இங்கே 36 வரை தாங்கும். அதற்கு மேல் நீட்டினால், பிறகு வீட்டில் பார்ப்பவருக்குப் படம் நின்றுவிட்டதாகத் தோன்றும். இந்த நிறுத்தங்களை கண் இமைப்பு மட்டும் உள்ள சுழற்சியாக அனிமேட் செய்து வைத்தால், எடிட்டரே கூட்டிக் குறைத்துக்கொள்வார், ஷாட் திரும்ப அனிமேட்டருக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: ஒலியில் கவனிக்க வேண்டியது?

கத்தல். இவ்வகைத் தொடர்களில் பாதி வசனம் உரத்த குரல்தான். டிவியில் ஒலியளவைச் சராசரிக்குக் கொண்டுவந்து சமப்படுத்திவிடுவார்கள், தியேட்டரில் அது முழு வீச்சில் வரும். 20 நிமிடத்தில் காது களைத்துவிடும். கத்தலுக்கு முன்னும் பின்னும் மௌனம் வையுங்கள். டிவிக்காக வினாடிக்கு 25 ஃப்ரேம் வீதம் செய்த பழைய பகுதிகளை 24-இல் ஓட்டினால் ஓட்டம் 4 சதவீதம் நீள்வதோடு குரலும் முக்கால் அரைச்சுரம் அளவுக்குத் தடிக்கும். சுருதியைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு அறிமுகக் காட்சி?

வேண்டாம். இவன் ஏன் இப்படி என்று விளக்கினாலே அபத்தம் செத்துவிடும். ‘ஆக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்’ என்ற அமெரிக்க அபத்தத் தொடரின் படம் (2007, 86 நிமிடம்) அந்த ஆசையையே கேலி செய்தது. கதாபாத்திரங்கள் எப்படித் தோன்றின என்று ஒன்றுக்கொன்று முரணான கதைகளை அடுக்கிக்கொண்டே போகும்.

கேள்வி: விளம்பரத்தையும் தொடரின் பாணியிலேயே செய்யலாமா?

திரையில் செய்யுங்கள். அதே ‘ஆக்வா டீன்’ குழு, படம் வெளிவரும் முன்பே 2007 ஏப்ரல் முதல் தேதி அதை டிவியில் போட்டது. திரையின் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள்! தெருவில் இறங்கியபோதுதான் வினை. அந்த ஜனவரியில் பாஸ்டன் நகரின் பாலங்களிலும் பொது இடங்களிலும் விளம்பரத்துக்காகப் பொருத்திய எல்.இ.டி. பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்துச் சாலைகளை மூடினார்கள். தொடரை ஒளிபரப்பிய சேனலின் உரிமையாளரான டர்னர் நிறுவனமும் விளம்பர ஏஜென்சியும் 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. படத்தின் தயாரிப்புச் செலவே சுமார் 7.5 லட்சம் டாலர்தான். வயரும் பேட்டரியும் வெளியே தெரிகிற எதையும் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் மாட்டாதீர்கள். காவல்துறைக்கும் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடுங்கள்.