அமெரிக்கச் சிறுவர் நூல்களிலும் பள்ளிகளிலும் கறுப்பினத்தவருக்கு இப்போது போதுமான இடம் கிடைத்துவிட்டதா?

இல்லை என்பதுதான் என் பதில். முன்பு இருந்ததற்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் எத்தனை கறுப்பு முகங்கள் என்று எண்ணுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கதையை எழுதியது யார், வகுப்பில் நின்று பாடம் நடத்துவது யார் என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் நூல்களை அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் கணக்கெடுத்து, 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். கதையிலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது வந்தது 6.7 சதவீத நூல்களில்தான். அந்தச் சமயத்தில் வந்த அருமையான படக்கதை 'தி ஸ்னோயி டே'. சிவப்பு உடுப்பு போட்ட கறுப்பினச் சிறுவன் ஒருவன் பனியில் விளையாடுவான், அவ்வளவுதான் கதை. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். ஆனால் அதை எழுதி வரைந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் வெள்ளையர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம், எழுதியவர் யார் என்று 1985இல் எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை, வரைந்தவை எல்லாம் சேர்த்தே 18தான். 2018இல் அதே மையம் திரட்டிய கணக்குப்படி, முதன்மைப் பாத்திரம் கறுப்பினத்தவராக இருந்த நூல்கள் 10 சதவீதம். விலங்குகள், பொம்மைகள் போன்றவை முதன்மைப் பாத்திரமாக வந்த நூல்கள் 27 சதவீதம்!

சரி, யார் எழுதினால் என்ன என்று கேட்கலாம். கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். 1933, மிசிசிப்பி மாநிலம். பள்ளியில் முதன்முதலாகப் புத்தகம் கிடைக்கப்போகிறது என்று ஆறு வயதுக் கறுப்பினப் பையன் ஆசையோடு காத்திருக்கிறான். கைக்கு வருவது அழுக்கேறிய பழைய புத்தகம். அட்டையின் உள்பக்கத்தில் ஓர் அட்டவணை: எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது, புத்தகம் என்ன நிலையில் இருந்தது, வாங்கிய மாணவர் எந்த இனம். முதல் பதினோரு வரிகளிலும் வெள்ளைப் பிள்ளைகள். 'மிக மோசம்' என்ற நிலைக்கு வந்த பிறகு, பன்னிரண்டாவது வரியில்தான் கறுப்பினப் பிள்ளைக்கு முறை. அதுவும் இழிசொல்லால் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுத்துக்கூட்டிப் படித்த பையன் புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான், அடியும் வாங்குகிறான். டெய்லர் தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்த குடும்பக் கதைகளிலிருந்து உருவான உலகம் இது. வெளியிலிருந்து பார்த்து எழுதுபவருக்கு அந்த அட்டவணை கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் ஆசிரியர்கள். இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை எல்லோரும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தீர்ப்பை அமல்படுத்தியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள், அவர்களுக்குக் கற்றுத்தந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய மாநிலங்களிலும் அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். அந்த இழப்பு இன்றும் ஈடாகவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் கறுப்பினத்தவர், ஆசிரியர்களில் 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. டென்னசி மாநிலத்தில் குலுக்கல் முறையில் வகுப்பு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியிறுதியை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதலாக இருந்தது.

பிள்ளைகளுக்கு வாங்கித்தர நினைப்பவர்கள் டெய்லரோடு வர்ஜீனியா ஹாமில்டன், வால்டர் டீன் மையர்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர்கள் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து, பதினொரு வயதிலிருந்து படிக்கலாம். டெய்லர் நாவலை மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிப்பது நல்லது. அந்த அட்டவணை வரும் இடத்தில் பிள்ளைகள் நிறையக் கேள்வி கேட்பார்கள்.