தொலைவில் சிறு இலக்கு: வார்மின்ட் தோட்டா, குண்டு கேள்வி-பதில்

வார்மின்ட் என்றால் தொல்லை தரும் விலங்கு. அவற்றைச் சுடுபவர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இவை. முதலில் இரண்டு சொற்கள். இங்கே ‘தோட்டா’ என்றால் ஓடு, பிரைமர் (தீமூட்டி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். ‘குண்டு’ என்றால் குழலை விட்டுப் பறந்து போவது மட்டும். வந்த கேள்விகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் எழுந்த குழப்பம்தான்.

கேள்வி: பயிரைக் கெடுக்கும் நில அணில், மர்மோட் போன்றவற்றை 300 கெஜம் வரை சுட ஒரே ஒரு துப்பாக்கி வாங்கப் போகிறேன். எந்தத் தோட்டா?

223 ரெமிங்டன். 55 கிரெய்ன் குண்டு (கிரெய்ன் என்பது எடை அளவு) நொடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் கிளம்பும். உதைப்பு குறைவு என்பதால் குண்டு எங்கே பட்டது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்து அடுத்த குறியைத் திருத்திக்கொள்ளலாம். தோட்டா எங்கும் கிடைக்கும், குழலும் நெடுநாள் உழைக்கும். குழலின் உட்பள்ளங்கள் குண்டைச் சுழற்றும் முறுக்கு 1:9 (9 அங்குலத்துக்கு ஒரு சுற்று) அல்லது 1:8 ஆக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். அங்குல எண் குறைந்தால் முறுக்கு வேகம். 40 கிரெய்ன் முதல் 70 கிரெய்ன் வரை பெரும்பாலான குண்டுகள் அதில் ஒழுங்காகப் பறக்கும். ‘இன்னும் வேகமானது வேண்டாமா?’ என்று யாராவது கேட்பார்கள். அதற்குத்தான் அடுத்த பதில்.

கேள்வி: 400 கெஜத்தில் காற்று என்னை ஏமாற்றுகிறது. 223-ஐ விற்றுவிட்டு இன்னும் வேகமான 22-250 தோட்டாவுக்கு மாறலாமா?

விற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று குண்டைத் தள்ளும் அளவு, அது பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததல்ல. காற்றே இல்லாத வெற்றிடத்தில் அதே தூரத்தைக் கடக்க எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும்.

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, 400 கெஜம் என்று வைத்துக்கொள்வோம். 10 மைல் என்றால் நொடிக்கு 14.67 அடி.

பி.சி. என்பது குண்டு காற்றின் தடையை எவ்வளவு நன்றாக வெல்கிறது என்று காட்டும் எண், கூடினால் நல்லது. 223-இல் பி.சி. 0.255 கொண்ட 55 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டு, 3,240 அடி வேகம்: பறக்கும் நேரம் சுமார் 0.49 நொடி. வெற்றிடத்தில் 0.37. தாமதம் 0.118. விலகல் ஏறக்குறைய 21 அங்குலம்.

அதே குண்டு 22-250-இல் 3,680 அடி வேகத்தில் போனால் விலகல் சுமார் 17 அங்குலம். நான்கு அங்குல லாபம். அதற்கு விலை கூடுதல் மருந்தும் குழலில் கூடுதல் தேய்மானமும்.

இனி அதே 223-இல் பி.சி. 0.467 கொண்ட 75 கிரெய்ன் குண்டை வெறும் 2,790 அடி வேகத்தில் அனுப்புங்கள். இலக்கை அடைய 0.50 நொடி ஆகிறது, அதாவது மூன்றிலும் இதுதான் கடைசி. விலகலோ 12 அங்குலம்தான்!

கடைசியாக வந்து சேர்வதுதான் காற்றுக்கு மிகக் குறைவாக வளைகிறது. வேகம் சரிசெய்வது வீழ்ச்சியை. அதைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும், குறியை ஏற்றி இறக்கும் ஸ்கோப்பின் டரெட் திருகும் ஏற்கெனவே சரிசெய்துவிடுகின்றன. காற்றுக்கு அப்படிக் கருவி கிடையாது, பி.சி.தான் துணை.

ஆனால் அவசரப்படாதீர்கள், இதிலும் சிக்கல்கள் உண்டு. 75 கிரெய்ன் குண்டுக்கு 1:8 அல்லது அதைவிட வேகமான முறுக்கு வேண்டும். மூக்கு நீண்ட சில குண்டுகள் 2.26 அங்குல மேகசினில் அடங்காது, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டியிருக்கும். இது போன்ற மேட்ச் (போட்டி) குண்டுகள் துல்லியத்துக்காகச் செய்தவை. சிறு விலங்கில் பட்டதும் சிதறும் என்று சொல்ல முடியாது. 250 கெஜத்துக்குள் சுடுபவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அங்கே உறை மெல்லியதாக இருந்து பட்டதும் சிதறும் 50, 55 கிரெய்ன் மெல்லுறைக் குண்டே மேல்.

கேள்வி: பழைய 22-250, முறுக்கு 1:14. 69 கிரெய்ன் மேட்ச் குண்டு போட்டேன். காகிதத்தில் ஓட்டை சாவித் துவாரம் போல நீளமாக விழுகிறது. குழல் போய்விட்டதா?

குழலில் குறையில்லை. குண்டு நிலையாகச் சுழலாமல் பக்கவாட்டில் விழுந்து காகிதத்தைக் கிழித்திருக்கிறது. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது 55 கிரெய்ன் வரையிலான குண்டுக்காக வைத்த முறுக்கு. கவனிக்க வேண்டியது எடையை அல்ல, நீளத்தை. குண்டு நீள நீள, அதை நேராக வைத்திருக்க வேகமான முறுக்கு தேவைப்படும். 55 கிரெய்னிலேயே படகுவால் (குறுகிய பின்பகுதி), பிளாஸ்டிக் முனை, நீண்ட மூக்கு மூன்றும் சேர்ந்தால் 1:14 தடுமாறக்கூடும். குளிர்ந்த அடர்த்தியான காற்றில் தடுமாற்றம் இன்னும் கூடும். கோடையில் நன்றாகச் சுட்ட குண்டு குளிர்காலத்தில் இலக்கில் அங்கங்கே பரவி விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

முறுக்கைத் தவறாகக் கணித்து ஒரு தோட்டாவே அடிபட்டதுண்டு. 1955-இல் 243 வின்செஸ்டரும் 244 ரெமிங்டனும் ஒரே ஆண்டில் வந்தன. வார்மின்ட் சுடுபவர்களை மனத்தில் வைத்து 244-க்கு 1:12 முறுக்கு கொடுத்தார்கள். 243-க்கு 1:10. மான் வேட்டைக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வேண்டும் என்றவர்கள், 100 கிரெய்ன் குண்டு ஓடும் 243 பக்கம் போய்விட்டார்கள். பின்னர் 244-க்கு 1:9 முறுக்கு வைத்து ‘6 மி.மீ. ரெமிங்டன்’ என்று பெயரை மாற்றியும், விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஓட்டின் கொள்ளளவைப் பார்த்தால் 244 கொஞ்சமும் சளைத்ததல்ல.

கேள்வி: 1:7 குழலில் மெல்லுறை வார்மின்ட் குண்டு. பத்தில் இரண்டு காகிதத்தையே தொடவில்லை. குறி தவறியிருக்குமா?

பலகையைச் சுற்றி எங்கும் ஓட்டை இல்லை என்றால் குண்டு வழியிலேயே சிதறியிருக்கும். பின்னால் நின்று பார்ப்பவருக்குச் சில நேரம் காற்றில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரியும்.

சுழற்சியைக் கணக்கிடுங்கள்: வேகத்தை 720-ஆல் பெருக்கி, முறுக்கின் அங்குல எண்ணால் வகுக்க வேண்டும். 3,240 அடி வேகத்தில் 1:12 குழல் குண்டை நிமிடத்துக்கு 1,94,400 முறை சுழற்றும். 1:7 குழல் 3,33,000 முறைக்கு மேல். மெல்லிய உறை அந்த இழுவையைத் தாங்காது. மெதுவான பழைய தோட்டாக்களுக்கென்றே செய்த மிக மெல்லுறைக் குண்டுகள் இதில் முதலில் உடையும். சொரசொரப்பான குழலும், தேய்ந்த தொண்டையும் (குழலில் உட்பள்ளம் தொடங்கும் இடம்), தொடர்ந்து சுட்ட சூடும் உறையை மேலும் பலவீனப்படுத்தும். வி-மேக்ஸ், பிளிட்ஸ்கிங் போலச் சற்று வலுவான உறை உள்ளதற்கு மாறுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: 204 ரூகர் தோட்டாவில் 32 கிரெய்ன் குண்டு போட்டு, ஓநாய் போன்ற அமெரிக்க விலங்கான கயோட்டியைச் சுட்டேன். தோளில் பெரிய காயம், விலங்கு ஓடிவிட்டது. தோட்டா சிறியதா?

தோட்டாவைக் குறை சொல்லாதீர்கள், குண்டுதான் பொருந்தவில்லை. 32 கிரெய்ன் குண்டு 4,225 அடி வேகத்தில் கிளம்பும். நில அணிலுக்கு அது அளவுக்கு அதிகம். கயோட்டியின் தோள் எலும்பில் பட்டாலோ தோலிலேயே வெடித்து நின்றுவிடும், உள்ளுறுப்பைத் தொடாது. அதே துப்பாக்கியில் 39, 40 கிரெய்ன் குண்டு போட்டு, தோளுக்குச் சற்றுப் பின்னால் விலாவில் குறி வையுங்கள். பி.சி.யும் 0.210-இலிருந்து 0.275 வரை ஏறும் என்பதால் காற்றிலும் லாபம்தான். நொடிக்கு நாலாயிரம் அடி என்ற எண்ணின் மேல் ஒரு மயக்கம் எல்லாருக்கும் உண்டு. பெட்டி மேல் அச்சடித்து விற்கவும் வசதியான எண்.

கேள்வி: முனையையும் உலோக உறை மூடிய முழு உறைக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

காகிதத்துக்கு மட்டும். சிறு விலங்கை ஊசி போலத் துளைத்துப் போய்விடும், அது வளைக்குள் கிடந்து மெல்லச் சாகும். கல்லில் பட்டால் தெறித்து எங்கு போகும் என்று சொல்ல முடியாது. வார்மின்ட் குண்டு மண்ணில் பட்டதும் பொடியாவதால் அந்த ஆபத்து குறைவு. குறைவுதான், இல்லை என்றல்ல. பின்னால் மண்மேடு இல்லாத இலக்கைச் சுடவே கூடாது.

கேள்வி: பெட்டியில் 5.56 என்று இருக்கிறது, குழலில் 223 ரெமிங்டன் என்று பொறித்திருக்கிறது. அளவு ஒன்றுதானே?

ஓட்டின் வெளி அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 5.56 சேம்பரில் (தோட்டா அமரும் அறை) தொண்டை நீளம். அதற்கென நிரப்பிய தோட்டாவை 223 சேம்பரில் சுட்டால் அழுத்தம் அளவு மீறலாம். பிரைமர் தட்டையாவது, போல்ட் திறக்கச் சிரமப்படுவது எல்லாம் அதன் அறிகுறி. 223 தோட்டாவை 5.56 சேம்பரில் சுடலாம், திருப்பிச் செய்யாதீர்கள்.

கேள்வி: 17 எச்.எம்.ஆர். என்ற சிறு தோட்டா 200 கெஜத்துக்குப் போதுமா?

காற்றில்லாத காலையில் போதும். 17 கிரெய்ன் குண்டு 2,550 அடியில் கிளம்பி 200 கெஜத்தில் 1,400 அடிக்கும் கீழே இறங்கிவிடும். 10 மைல் காற்றில் 14 அங்குலம் விலகும். 125, 150 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: 243 ஒன்றை வைத்துக்கொண்டு மானும் வார்மின்ட்டும் சமாளிக்க முடியுமா?

முடியும். ஒரு நாளில் இருபது, முப்பது முறை சுடுபவர் என்றால் 75 அல்லது 87 கிரெய்ன் வி-மேக்ஸ். 87 கிரெய்னின் பி.சி. 0.400, காற்றில் 22 காலிபர் இலகுக் குண்டுகளைத் தூக்கிச் சாப்பிடும். 58 கிரெய்ன் வேகம் காட்டும், காற்றில் அந்த அளவு நிற்காது. நூறு, இருநூறு என்று சுடும் இடத்துக்கு 243-ஐக் கொண்டு போகாதீர்கள். உதைப்பில் ஸ்கோப் படம் துள்ளும், குழலும் சீக்கிரம் கொதிக்கும். மானுக்கு வார்மின்ட் குண்டைப் போடவே கூடாது.

கேள்வி: பத்துப் பதினைந்து முறை சுட்டதும் குண்டுகள் மேலே ஏறுகின்றன. ஏன்?

சூடு. மெல்லிய குழல் சூடேறினால் வளையும். குழலிலிருந்து எழும் கானல் ஸ்கோப்பின் முன் ஆடி இலக்கையே உயர்த்திக் காட்டும். சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மருந்தும் சூடேறி வேகம் கூடும். எனவே சுடத் தயாரான பிறகே தோட்டாவைப் போடுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, குழலைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஐந்து விநாடி பிடித்திருக்க முடியாவிட்டால் ஆறட்டும். 22-250, 220 ஸ்விஃப்ட் போல நிறைய மருந்தைச் சிறு துளை வழியே எரிப்பவற்றில் இது இன்னும் முக்கியம். தொண்டை அரிப்பு சூட்டில்தான் வேகமாக நடக்கும். இரண்டு துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுடுவது ஆடம்பரம் அல்ல.

கேள்வி: ஈயமில்லாத குண்டுக்கு மாற வேண்டியிருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கியால் எந்தக் காட்டு விலங்கைச் சுட்டாலும் ஈயமில்லாத தோட்டாதான் விதி. தாமிரம் ஈயத்தைவிட இலேசான உலோகம், அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். மேலே சொன்ன முறுக்குப் பிரச்சினை திரும்ப வரும். வழக்கமாகப் போடும் எடையிலிருந்து இரண்டு படி இறங்கி வாங்குங்கள். பார்ன்ஸ் வார்மின்ட் கிரெனேடில் உள்ளே இருப்பது தாமிரமும் வெள்ளீயமும் கலந்த தூள், பட்டதும் உதிரும். திடத் தாமிர வேட்டைக் குண்டு அப்படி உதிராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நானே தோட்டா நிரப்புகிறேன். 55 கிரெய்ன் குண்டு தீர்ந்தது, வேறு நிறுவனத்தின் 55 கிரெய்னை அதே மருந்தளவில் போடலாமா?

கூடாது. எடை ஒன்றானாலும் குழலைத் தொடும் பகுதியின் நீளமும் உறையின் கடினமும் வேறு, அழுத்தமும் வேறு. அந்தக் குண்டுக்கான கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மீண்டும் ஆரம்பியுங்கள்.

கேள்வி: 100 கெஜத்தில் மூன்று குண்டு ஒரு அங்குலத்துக்குள் விழுகிறது. 400 கெஜத்துக்குத் தயார்தானே?

பிரெய்ரி டாக் (ஒரு வகை நில அணில்) போன்ற விலங்கின் உடல் அகலம் மூன்று அங்குலம் என்று வையுங்கள். 400 கெஜத்தில் அது 0.72 எம்.ஓ.ஏ. (100 கெஜத்தில் சுமார் ஒரு அங்குலமாகும் கோண அளவு). உங்கள் துப்பாக்கி 100 கெஜத்தில் காட்டிய ஒரு அங்குலம், அங்கே காற்றே இல்லாமல் நான்கு அங்குலம். மேலும் மூன்று குண்டு என்பது அதிர்ஷ்டத்தின் அளவு. பத்துக் குண்டு ஒரே காகிதத்தில் சுடுங்கள், இடையில் குழலை ஆறவிட்டு. அது முக்கால் அங்குலத்துக்குள் நின்றால் 400 கெஜத்துக்குப் போங்கள். நிற்காவிட்டால் வேறு குண்டு மூன்று வகை வாங்கி அதே சோதனை செய்யுங்கள். ஒரே குழல் ஒரு குண்டை விரும்பி இன்னொன்றை வெறுப்பது சர்வசாதாரணம்.