வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சோறு கெடைக்குமா?

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு அட்டனில் வழிகாட்டல் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு நீங்களும் மகளும் மட்டும் நின்றீர்கள். மகள் விண்வெளி விஞ்ஞானியாக ஆசைப்படுவதைச் சொல்லி, "சேர், வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சோறு கெடைக்குமா?" என்று கேட்டீர்கள். மகள் வெட்கப்பட்டு உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பஸ் நேரம், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. மகளை வாசிக்கச் சொல்லி, வேலை விட்டு வந்து ஆறுதலாகக் கேளுங்கள்.

சோறு கிடைக்கும். ஆனால் "விண்வெளி விஞ்ஞானி" என்று பெயர் போட்ட நாற்காலிகள் இந்த நாட்டில் மிகக் குறைவு. அதை நம்பிப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். அந்த நாற்காலிக்குப் போகும் வழியில் இருக்கிற வேறு பல நாற்காலிகளை நம்பித்தான் அனுப்பச் சொல்கிறேன்.

மகள் நாசா என்றாள். அதை முதலில் பேசி முடித்துவிடுவோம். நாசாவின் நிரந்தர அரசாங்க வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இஸ்ரோ இந்தியக் குடிமக்களைத்தான் எடுக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையும் பெரும்பாலும் தன் உறுப்பு நாட்டவர்களையே எடுக்கிறது. "நாசாவில் சேருவது எப்படி" என்று யூடியூபில் பேசுகிற தம்பிமார் பலர் இதைச் சொல்வதேயில்லை. மகள் கோபிக்க வேண்டாம். கதவு மூடவில்லை, வாசல் வேறு பக்கம் இருக்கிறது. விண்வெளி ஆராய்ச்சியில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. அங்கே முதலில் பார்ப்பது கணக்கும் பௌதிகமும் எவ்வளவு தெரியும் என்பதைத்தான்.

காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும அப்படிப் போனவர்தான். அவர் படித்தது இரசாயனவியல். அமெரிக்காவில் பேர்க்லியில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்துக்குப் போனார். 1969-இல் ஆஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதைக் கண்டது அவருடைய குழு. பின்னாளில் கண்டி அந்தானை மலையில் இருக்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கு அவர் பணிப்பாளராக வந்தார். பேராதனைக்குப் போகும்போது அந்த மலையை மகளுக்குக் காட்டுங்கள்.

இன்னொரு கதை நம் காலத்தில் நடந்தது. 2019 ஏப்ரலில் இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1 மேலே போனது. பக்கத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு பெட்டி, எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா விதானகே என்ற இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் ஜப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டே அதைச் செய்தார்கள். இரண்டாவது பெயர் பெண்பிள்ளையுடையது, அக்கா. அதே திட்டத்தில் நேபாளத்தின் முதல் செய்மதியும் உருவானது. ஏற்றிக்கொண்டு போன அன்ராரெஸ் ரொக்கெற் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலிருந்து கிளம்பியது. அதன் அடிப்பாகம் உக்ரைனில் கட்டப்பட்டது, எஞ்சின் ரஷ்யாவுடையது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பெட்டியை அதே வருடம் யூன் மாதம் ஜப்பானின் கிபோ பகுதியிலிருந்து வெளியே விட்டார்கள். ஒரு கிலோ பெட்டிக்கு எத்தனை நாட்டுக் கை பட்டிருக்கிறது பாருங்கள்.

இதை அன்பு, சகோதரத்துவம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். செலவும் கருவிகளும் தனி ஒரு நாட்டால் தாங்க முடியாத அளவுக்கு இருப்பதால்தான் சேர்ந்து செய்கிறார்கள். சண்டை வந்தால் பிரிந்தும் போகிறார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த ரொக்கெற்றுக்கு அடிப்பாகமும் எஞ்சினும் வருவது நின்றது. ஐரோப்பாவும் ரஷ்யாவும் சேர்ந்து செவ்வாய்க்கு அனுப்ப இருந்த வண்டியும் நின்றுபோனது. ஆனால் இதே இரண்டு பக்கமும் இன்றைக்கும் விண்வெளி நிலையத்தில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. மகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே நாட்டை, ஒரே நிறுவனத்தை நம்பித் திட்டம் போடாதே. எந்த நாட்டுக் குழுவிலும் போய் உட்காரக்கூடிய ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்.

சரி, என்ன கைத்தொழில்? விண்வெளி விஞ்ஞானம் ஒரே பாடம் இல்லை. நட்சத்திரங்களையும் விண்மீன் மண்டலங்களையும் ஆராய்பவர்கள் பௌதிகமும் கணினியும் தெரிந்தவர்கள். செவ்வாய், சந்திரன் பாறைகளைப் பார்ப்பவர்கள் புவிச்சரிதவியல்காரர்கள். செய்மதி கட்டுபவர்கள் மின்னணு, இயந்திரப் பொறியியலாளர்கள். மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் கொண்ட அயன மண்டலத்தை ஆராய்வது இன்னொரு துறை. அதற்குப் பூமியின் காந்தப் புலம் தரைக்குக் கிடையாக இருக்கிற காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடங்கள் முக்கியம், நாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். 1963-இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றைக் கேரளத்தில் தும்பா என்ற மீன்பிடிக் கிராமத்திலிருந்து விட்டதற்கும் அந்தக் கோடுதான் காரணம். ரொக்கெற் அமெரிக்கா கொடுத்தது, உள்ளே வைத்த கருவி பிரான்ஸ் கொடுத்தது, வேலை நடந்தது ஒரு தேவாலயக் கட்டடத்தில். ரொக்கெற் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோன படத்தை மகள் பார்த்திருப்பாள்.

எல்லாவற்றையும் விட நமக்குக் கிட்டியது வேறொன்று. மேலேயிருந்து பூமியைப் பார்ப்பது. தொலையுணர்வு என்று சொல்வார்கள். இதில்தான் நான் மகளைக் கொஞ்சம் தள்ளிவிடப் பார்க்கிறேன், ஒளிக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன 2025 நவம்பரில் டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையகம் முழுக்க மண் சரிந்ததை நான் சொல்லத் தேவையில்லை. இப்போது ஒரு ரேடார் செய்மதியை நினைத்துப் பாருங்கள். அது மலைமீது அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கி வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து அதே இடத்துக்கு மேலே வந்து மறுபடி அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டால் சரிவு சில சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தாலும் தெரியும். சாதாரணப் படம் எடுக்கிற செய்மதிக்கு நம் ஊர் மேகம் பெரிய தொல்லை. ரேடாருக்கு மேகமும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். 2025 யூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் செய்மதி நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. ஒரு ரேடார் அவர்களுடையது, ஒரு ரேடார் இவர்களுடையது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை அதே பாதைக்குத் திரும்பி வரும். அதில் நாசாவின் ரேடார் அலை நீளமானது, அதனால் மரம் செடிகளுக்கு ஊடாகவும் ஓரளவு தரையைப் பார்க்கும். தேயிலையும் காடும் மூடிய மலைகளுக்கு இது பெரிய விஷயம்.

இதிலும் குறை உண்டு. மெதுவாக நகருகிற மலையைத்தான் அது முன்கூட்டிக் காட்டும். ஒரே இரவு மழையில் பிய்த்துக்கொண்டு வருவதைப் பிடிக்காது. செங்குத்தான பள்ளத்தாக்கில் ரேடாருக்கும் நிழல் விழும். அப்புறம், மீரியபெத்தையில் எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்ததாகத்தான் பிறகு பேசினார்கள். எச்சரிக்கையைச் செய்மதி கொடுக்கும், குடியேறக் காணியை அது கொடுக்காது. ஆனால் அந்தத் தரவைப் படித்து, "இந்த லயத்துக்கு மேலே இந்த இடம் நகருகிறது" என்று தமிழில் சொல்லத் தெரிந்த ஒருத்தி நம்மிலிருந்து வந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஐரோப்பாவின் சென்ரினல், அமெரிக்காவின் லான்ட்சாற் செய்மதிகளின் தரவு இலவசம். அட்டனில் இருக்கிற பிள்ளைக்கும் ஹம்பேர்க்கில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே தரவுதான்.

இனிப் படிப்பு. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழகம் போக எழுதுகிற உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இரசாயனவியலுக்குப் பதில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம். அப்படி எடுத்தால் பொறியியல் பீடத்தின் வாசல் அடைபடும். இந்த வயதில் ஒரு வாசலைக்கூட நாமே அடைக்கக் கூடாது.

நான் உயர்தரத்துக்குப் போனபோது ஒரு ஆசிரியர், "லயத்துப் பிள்ளைக்கு இணைந்த கணிதம் எதுக்கு? கலைப்பிரிவு எடு, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்" என்றார். கேட்டேன், எடுத்தேன். இந்த வேலை கிடைத்தது, பழுதில்லை. ஆனால் கணிதத்தில் எனக்கு எவ்வளவு தூரம் போக முடிந்திருக்கும் என்பது இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. மகளிடம் யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பாடசாலை விஷயத்தில் கவனம். உயர்தரக் கணிதப் பிரிவு என்று பலகையில் இருந்தால் போதாது. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, போன வருடம் எத்தனை பிள்ளைகள் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள் என்று அதிபரிடம் நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். பதில் மழுப்பலாக இருந்தால் கொஞ்சம் தூரமானாலும் வேறு பாடசாலை பாருங்கள். நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் மேலதிக ஒதுக்கீடு உண்டு. கொழும்புப் பிள்ளை எடுக்கிற அதே இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கிற உயர்தர மதிப்பெண்) மகளுக்குத் தேவைப்படாமல் போகலாம்.

பல்கலைக்கழகம் என்றால் என் முதல் விருப்பம் பேராதனை. வீட்டுக்குக் கிட்ட. பொறியியல் பீடமும் இருக்கிறது, விஞ்ஞான பீடத்தில் பௌதிகமும் புவிச்சரிதவியலும் இருக்கின்றன. நில அளவையும் தொலையுணர்வும் என்றால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம். செய்மதி கட்டத்தான் ஆசை என்றால் மொறட்டுவ. விண்வெளி ஆய்வும் செய்கிற ஆர்தர் சி. கிளார்க் நிறுவனமும் அங்கேதான், கட்டுபெத்தையில். ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்று அங்கே இருக்கிறது. எங்கே போனாலும் இந்தப் படிப்புகள் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் கணக்கை விட இதுதான், நான் பார்த்தவரை.

பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசில் கிடைக்க வாய்ப்புண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1947-இலிருந்து ஒரு கல்வி நிதியம் இருக்கிறது, உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உதவுகிறார்கள். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். உங்கள் தோட்ட வேலைக்கான உறுதிக் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

பட்டம் முடிந்த பிறகுதான் வெளிநாடு. ஐக்கிய நாடுகள் சபையோடு இணைந்த ஆசிய பசிபிக் விண்வெளிக் கல்வி நிலையம் இந்தியாவில் தெஹ்ராதூனில் இருக்கிறது. அதில் தொலையுணர்வு, செய்மதித் தொடர்பாடல், வானிலை, விண்வெளி விஞ்ஞானம் என்று ஒன்பது மாதப் பட்டப்பின் படிப்புகள் நடக்கின்றன. ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் இன்னொரு வழி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் செய்பவர்களுக்குப் பாடம் எடுக்கவோ ஆய்வில் உதவவோ வைத்து மாதாமாதம் கொடுப்பனவு கொடுப்பார்கள். ஆமாம் அக்கா, படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம். ஆனால் நாள் எடுக்கும். உயர்தரம், நாலு வருடப் பட்டம், அதற்கு மேல் ஐந்தாறு வருடம். எல்லாம் முடியும்போது மகளுக்கு முப்பது வயது தொடும். கல்யாணப் பேச்சு எப்போது என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை நீங்களும் மகளும்தான் பேச வேண்டும்.

பட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலும் கை வெறுமையாக இராது. நில அளவைத் திணைக்களம், வளிமண்டலவியல் திணைக்களம், மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் என்று இந்தப் படிப்புக்குப் பயன் உள்ள இடங்கள் பல. வாடின செடியை நீங்கள் இலையின் நிறத்தில் கண்டுபிடிப்பீர்கள். செய்மதி அதையே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கண்டுபிடிக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் கணித ஆசிரியை. மலையகத்தில் கணித ஆசிரியருக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போதைக்கு மகள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல் இணைந்த கணிதத்தின் முதல் அலகுகள். போனில், வானத்தில் எது எங்கே என்று காட்டுகிற ஸ்டெல்லேரியம் செயலி. மேகம் விலகுகிற மே மாத இரவில் தெற்கே தென்சிலுவையையும் வடக்கே ஏழு முனிவர்களையும் ஒரே நேரத்தில் அவளால் பார்க்க முடியும், ஐரோப்பாப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துருவ நட்சத்திரம் மட்டும் கிடைக்காது. நம்மிடத்தில் அது தொடுவானுக்கு மேலே ஏழு பாகை அளவில்தான் நிற்கும், உங்கள் தோட்டத்து மலை மறைத்துவிடும்.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு. கொடுத்த படிவத்தில் மகளின் ஆங்கிலப் புள்ளியை எழுதாமல் விட்டிருக்கிறாள், வேண்டுமென்றுதான் விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். வரும்போது தவணைப் பரீட்சை அறிக்கையைக் கையோடு கொண்டு வாருங்கள்.