“அப்பா, காப்பாத்துங்கப்பா!”

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் போலீஸ் சீருடைப் படத்தோடு ஓர் அழைப்பு. புனேயில் வேலை பார்க்கும் என் தம்பி போதைப்பொருள் வழக்கில் மாட்டிக்கொண்டானாம், எஃப்.ஐ.ஆர். போடாமலிருக்க உடனே இரண்டு லட்சம் வேண்டுமாம். பின்னால் “அப்பா, காப்பாத்துங்கப்பா” என்று அழுகுரல் வேறு. பதறிப்போய் பேங்க்குக்கு ஓடியவரை அங்கிருந்தவர்கள் விசாரித்துத் தடுத்துவிட்டார்கள். ஸ்மார்ட்போனை வாங்கி வைத்துவிடலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். பட்டன் போனுக்கும் இதே அழைப்பு வரும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற வீடியோ கால்தான் மிச்சமில்லாமல் போகும்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதும் வீண். இணையத்தில் கிடைக்கும் சில விநாடிப் பேச்சை வைத்தே ஏஐ மூலம் குரலை நகலெடுக்க முடிகிறது. அதுகூட இல்லாமல், யாரோ ஒருவன் தேம்பி அழுதாலே பெற்றவர் காதுக்கு அது பிள்ளையின் குரல்தான். அந்தக் கும்பலின் பலமே “லைனைக் கட் பண்ணாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று மிரட்டுவதில் இருக்கிறது. அதனால் அப்பாவுக்கு ஒன்றே ஒன்றைப் பழக்குங்கள்: யாராக இருந்தாலும் கட் பண்ணிவிட்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் தம்பியின் நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அவன் எடுக்கவில்லை என்றால்? அந்த இடைவெளியில்தான் பணம் பறிபோகும் ஆபத்து. எனவே உங்கள் நம்பர், தம்பியோடு தங்கியிருப்பவர் நம்பர், அலுவலக நண்பர் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கைது செய்தால் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதனால் போலீஸ் போன் வருவது நடக்கக்கூடியதுதான். ஆனால் போனிலேயே பணம் கேட்டால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம். வீடியோ காலில் உட்கார வைத்து மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

பேங்க்கில் சொல்லி ஆன்லைனில் அனுப்பும் தொகைக்கு வரம்பைக் குறைத்து வையுங்கள். பணம் போய்விட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பாவுக்குப் பணம் போகாததால் அந்த அழைப்பைப் பற்றி மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம்.

அப்புறம், “இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?” என்று யாரும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், அடுத்த முறை இப்படி ஒரு போன் வந்ததையே உங்களிடம் சொல்ல மாட்டார். தம்பியிடமும் சொல்லி வையுங்கள்: அப்பா அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டால், மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து எடுக்க வேண்டும்.